ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க விசுவாசமும் மக்கள் வாழ்வும்

ஒரு சமயம் நாட்டில் நிலைபெறுவதற்கு அரசின் ஆதரவு இன்றியமையாதது என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். ஒல்லாந்தர் காலத்து ஈழத்துக் கத்தோலிக்கரின் வரலாறு இக்கருத்தை ஐயுறச் செய்கின்றது. ஆலயமும் குருவும் இன்றி, சட்டத்தின் தடைக்கு உட்பட்டு வாழ்ந்த அம்மக்களிடையே விசுவாசம் எவ்வாறு கைமாறிற்று என்பது ஆராயற்பாலது.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், கோயில்களை இடித்தும் சலுகைகளை வழங்கியும் தமது சமயத்தைப் பரப்பினர். ஆட்சியின் நிழலில் ஞானஸ்நானம் பெற்றோர் எத்துணைப் பேர் மனமொப்பிப் பெற்றனர் என்ற வினா எழுவது இயல்பே. அதற்கான சோதனை 1658ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். அவர்கள் கத்தோலிக்க குருமாரை வெளியேற்றினர். குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என அறிவித்தனர். ஆலயங்கள் அவர்கள் வசமாயின. பிள்ளைகள் பாடசாலைக்கு வாராவிடின் தண்டம் விதிக்கப்பட்டது. திருமணப் பதிவும் அரசாங்க உத்தியோகமும் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டன.

இந்நிலையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்கர் மேய்ப்பரற்ற மந்தையாய் வாழ்ந்தனர். பதிவேட்டிலே புரொட்டஸ்தாந்தராகவும் இல்லத்திலே கத்தோலிக்கராகவும் பலர் காலங்கழித்தனர். பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த செபங்களே அவர்களுக்கு எஞ்சியிருந்த வேதபாடம்.

1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் முனிவர் கூலியாளின் கோலத்தில் ஈழத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலே செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடுவீடாகச் சென்று இரந்தார் என்றும், அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்றும் கூறுவர். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. இரவு வேளைகளிலே வீடுகளில் பூசை நிகழ்ந்தது. குருவானவர் எப்போதும் உடனிருத்தல் இயலாதென்பதை உணர்ந்த அவர், ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் நியமித்தார். செபத்தை நடத்துவதும், சிறுவருக்குப் போதிப்பதும், அவசர வேளையில் ஞானஸ்நானம் அளிப்பதும் சாதாரண குடிமக்களின் கடமையாயின. விசுவாசத்தைக் காக்கும் பொறுப்பு ஊராரின் கைக்கு மாறியமையே இதன் முக்கியத்துவமாகும்.

1692ஆம் ஆண்டில் கண்டிக்குச் சென்ற முனிவர் போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின்பேரிற் சிறைவைக்கப்பட்டார். பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன் பின்னர் அவரை ஆதரித்தான். 1697ஆம் ஆண்டில் அந்நகரிற் பெரியம்மை பரவியபோது, நோயாளரை உறவினரே கைவிட்டு அகன்றனர். முனிவரும் அவரது மருமகனான யோசேப் கர்வாலியோ சுவாமியாரும் அவர்களைத் தேடிச் சென்று, உணவளித்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். நோயாளர் எச்சமயத்தவர் என அவர்கள் பார்க்கவில்லை. வாதத்தினால் விளக்கவியலாத ஒன்றை இத்தொண்டு விளக்கிற்று எனலாம்.

1705ஆம் ஆண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் மக்கள் கூடிப் படிக்கும் நூலாயிற்று. இவ்வாறு விசுவாசம் மக்களின் மொழியிலும் ஓசையிலும் கலந்தது.

ஒல்லாந்தரின் பாடசாலைகள் கல்விக்கு ஆற்றிய பணி மறுக்கற்பாலதன்று. ஆயினும் 1796ஆம் ஆண்டில் அவர்களது ஆட்சி முடிவுற்றதும், பதிவேடுகளில் இடம்பெற்றிருந்த பெருந்தொகையினர் வெகுவிரைவிற் சிதறினர். உத்தியோகத்துக்காக ஏற்ற சமயம் உத்தியோகத்தோடு நீங்கிற்று. தடைசெய்யப்பட்டோரோ நிலைத்து நின்றனர். அவர்கள்மீதிருந்த சட்டத் தடைகளை ஆங்கில அரசு 1806ஆம் ஆண்டில் நீக்கியது. 1711ஆம் ஆண்டிற் கண்டியிற் காலமான யோசேவாஸ் முனிவர் 2015ஆம் ஆண்டில் கொழும்புக் காலிமுகத்திடலிற் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

போர்த்துக்கேயரின் வாளும் ஒல்லாந்தரின் பதிவேடும் சாதிக்க முற்பட்டதை, ஓர் அன்னை கற்பித்த செபமும் நோயாளியின் அருகே அமர்ந்த ஒருவரின் பணிவிடையும் சாதித்தன. நம்பிக்கையை ஆணையிட்டு விதைக்க முடியாது என்பதே இவ்வரலாறு எல்லாச் சமயத்தவர்க்கும் உணர்த்தும் உண்மையாகும்.