அசை

மாடு அசைபோடுகிறது என்கிறோம். அசைதல் என்னும் வினையோடு உறவுள்ள சொல் இது; ஓயாமல் அசையும் தாடையைப் பார்த்தே பிறந்திருக்க வேண்டும். (நினைவை அசைபோடுவதெல்லாம் பின்னால் வந்த நீட்சி.) ஆனால் புல்லிலுள்ள செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. அந்த வேலை, வயிற்றின் முதல் அறையில் வாழும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சைகளுடையது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட், காற்றை வெளியேற்றிய குழாயின் உட்சுவரில் அகாரைப் படியவைத்து அவற்றை வளர்த்துக் காட்டினார். 1950-இல் அந்த முறையை விரிவாக எழுதினார்.

அப்படியானால் தாடையை முன்னிறுத்தும் சொல் பிழையா? இல்லை. திரும்ப மென்றால்தான் நார் பொடிந்து நுண்ணுயிர்கள் பற்ற இடம் கிடைக்கும். கூடவே ஊறும் உமிழ்நீர், கறவைமாட்டில் நாளுக்கு 100 லிட்டரைத் தாண்டக்கூடியது, நொதித்தலில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கிறது. கடைசியில் மாடு அந்த நுண்ணுயிர்களையே செரித்துப் புரதம் பெறுகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; நம் நொதித்தல் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலில் நடக்கிறது. மாட்டு வயிற்றின் நுண்ணுயிர்களில் ஹங்கேட்டின் குழாயில் வளராத இனங்கள் ஏராளம், அவற்றை அறிய மரபணு வரிசையே போதும் என்பாரும் உண்டு. வரிசை எந்த உயிர் இருக்கிறது என்று சொல்லும், அதன் தொழிலை ஊகிக்கவும் உதவும். ஊகத்தைச் சோதிக்க இன்றும் வளர்த்துத்தான் பார்க்கிறார்கள்.