இந்தியாவில் கல்விப் புள்ளிவிவரங்கள்

பள்ளிகள், மாணவர், ஆசிரியர், எழுத்தறிவு ஆகியவற்றைப் பற்றி அரசு திரட்டி வெளியிடும் கணக்குகள் கல்விப் புள்ளிவிவரங்கள் எனப்படும். எண்ணியவர் யார், எந்த வயதினரை எண்ணினார், எந்த நாளை ஒட்டி எண்ணினார் என்ற மூன்றும் தெரிந்தாலன்றி இவற்றில் எதையும் நம்பி எடுத்தாள முடியாது.

தென்னிந்தியாவின் முதல் விரிவான கணக்கு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுப்பித்தது. 1822 ஜூன் 25 நாளிட்ட குறிப்பில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எத்தனை பேர் படிக்கின்றனர் எனக் கலெக்டர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். அனுப்பப்பட்ட படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முகமதியர் என்று கட்டங்கள் இருந்தன; ஒவ்வொன்றிலும் ஆண், பெண் தனித்தனியே குறிக்கப்பட்டனர்.

பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இவற்றுள் தலைசிறந்தது. அங்கு மக்கள்தொகை 9,27,857; பள்ளிகள் 533; மாணவர் 6,641 பேர், அதாவது ஆயிரத்துக்கு ஏழு பேர் அளவில். சிறுமியர் வெறும் 60 பேர். கேம்பெல் எண்களோடு நிற்கவில்லை. காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும்; இரண்டாமவன் கையில் சுழி; மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அன்றைய பள்ளியை இத்தனை அருகில் காட்டும் அரசு ஆவணம் அரிது.

கலெக்டர்களின் விடைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10இல் மன்றோ எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். மாணவருள் 4,540 பேர் மட்டுமே பெண்கள். கனரா மாவட்டத்திலிருந்து எண்கள் வரவில்லை. சென்னை நகரில் வீட்டில் கற்றோர் பள்ளியில் கற்றோரைப் போல் ஐந்து மடங்கு எனக் கலெக்டர் தெரிவித்தார். மன்றோ அதை மிகை என்று கருதினாலும், வீட்டில் கற்பவரையும் சேர்த்தால் ஐந்து முதல் பத்து வயதுச் சிறுவரில் மூன்றில் ஒருவர் கற்பதாக மதிப்பிட்டார். ஆகவே பள்ளி எண்கள் உண்மை நிலையைவிடக் குறைவானவையே.

இதே கணக்கின்படி, தமிழ் மாவட்டங்களில் சூத்திரரும் பிற சாதியாரும் மாணவரில் பெரும்பங்கினர்: சேலத்திலும் திருநெல்வேலியிலும் நூற்றுக்கு 70 அளவில், தென்னார்க்காட்டில் 84க்கு மேல். ஆய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் இந்த ஆவணங்களைப் பலரும் அறியச் செய்தது. பள்ளிக்கல்வி உயர்சாதியாருக்கே உரியதாக இருந்தது என்ற கூற்று இவ்வெண்களின் முன் நிற்காது.

நாடு முழுவதையும் தழுவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1881 முதல் எழுத்தறிவைத் தந்துவருகிறது. 1991 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றனர். எனவே அதற்கு முந்தைய விழுக்காடுகளை அப்படியே எடுத்து ஒப்பிடுதல் பிழை. 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. முதற்கட்ட அறிவிப்பில் வந்த 80.33 என்ற எண்ணைப் பலர் இன்னும் எடுத்தாள்கின்றனர். இறுதி எண்ணையே கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் 1957இல் முதல் அகில இந்தியக் கல்வி ஆய்வு தொடங்கியது. இன்று பள்ளிகளுக்கு யூடைஸ் பிளஸ் (UDISE+), உயர்கல்விக்கு ஐஷே (AISHE) ஆகிய அரசுக் கணக்கெடுப்புகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. இரண்டிலும் கல்வி நிலையங்கள் தாமே தரும் விவரங்கள்தான் அடிப்படை. 2023-24இல் 14.72 லட்சம் பள்ளிகளில் 24.8 கோடி மாணவர் பதிவாயினர். உரிய வயதினர் தொகையோடு சேர்க்கையை ஒப்பிடும் மொத்தச் சேர்க்கை விகிதம் சில இடங்களில் நூற்றைத் தாண்டுவது, உரிய வயதைக் கடந்தவரும் எட்டாதவரும் சேர்த்து எண்ணப்படுவதால். 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே பதியப்படுகின்றனர். அதற்கு முன் பள்ளிவாரித் தொகை மட்டுமே பெறப்பட்டது. அந்த ஆண்டுக்கு முந்தைய சேர்க்கை எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து, மாணவர் குறைந்தனர் என்றோ கூடினர் என்றோ முடிவு கட்டக் கூடாது.