அடையாற்றுக்குத் தெற்கே

நாவலாசிரியனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகிக்குத் தைரியம் வர வேண்டுமென்றால், பத்தாவது அத்தியாயத்தின் முடிவில் ஒரு மழை இரவை வரவழைத்து, ஜன்னலோரத்தில் அவளை நிறுத்தினால் போதும். விடிவதற்குள் தைரியம் வந்துவிடும். மறுநாள் காலையில் அவள் மனத்துக்குப் பிடித்தவனோடு புறப்பட்டுவிடுவாள். அல்லது வீணையை எடுத்துக்கொண்டு மேடையேறிவிடுவாள். எனக்கு வரும் கடிதங்களில் வாசகர்கள் எழுப்புகிற சந்தேகமும் இதைப் பற்றியதுதான். "கதைக்கு இதெல்லாம் சரி, ஐயா. நிஜ வாழ்க்கையில் நடக்கிற காரியமா?"

நடந்த காரியம் ஒன்றைச் சொல்கிறேன். நடந்த இடமும் வெகு தூரத்தில் இல்லை. சென்னைக்குத் தெற்கே, அடையாற்றைத் தாண்டியதும் வருகிற இடம்தான்.

இன்று சாயங்கால வேளையில் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ நங்கநல்லூரிலோ நாலு தெரு நடந்தால், ஏதாவது ஒரு மாடியிலிருந்து தட்டுக்கழியின் சத்தமும் ஜதி சொல்லும் குரலும் காதில் விழும். வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடக்கும். பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு, அம்மாக்கள் சுவரோரமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அரங்கேற்றத்துக்கு எந்தச் சபா, எந்தப் பட்டு என்பதுதான் பேச்சாக இருக்கும். ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்னால் இந்த அம்மாக்களின் கொள்ளுப்பாட்டிகளிடம் போய், "உங்கள் பெண்ணைச் சதிர் ஆட அனுப்புகிறீர்களா?" என்று யாராவது கேட்டிருந்தால், கேட்டவர் முழு உடம்போடு திரும்பி வந்திருக்க மாட்டார். இந்த மாறுதலைப் பலர் சேர்ந்துதான் செய்தார்கள். அவர்களில் ஒருவரான ருக்மிணி தேவியைப் பற்றியே இந்தக் கட்டுரை. அவருடைய தைரியம் ஒரே இரவில் வந்ததல்ல. அது இரண்டு தவணையாக வந்தது. முதல் தவணைக்கும் இரண்டாவது தவணைக்கும் நடுவே பதினைந்து வருஷங்கள் ஓடின.

பிரம்ம ஞான சபையார் அடையாற்றின் தென்கரைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 1882-ல். பட்டணத்துக்கு அது அப்போது புறம்போக்கான மூலை. மரங்களும் மணலும் கடற்காற்றுமாக இருந்த அந்த இடத்தில், பல தேசத்து மனிதர்கள் ஜாதி மத வித்தியாசம் பாராட்டாமல் கூடி வாழ முயன்றார்கள். அப்படி வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்று, பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்ற நீலகண்ட சாஸ்திரியின் குடும்பம். அவருடைய மகள் ருக்மிணி 1904-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ஆம் தேதி மதுரையில் பிறந்தவர். ஆற்றுக்கு வடக்கே, மயிலாப்பூரில் வளர்ந்திருந்தால் அந்தப் பெண்ணின் கதை வேறு விதமாக முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அன்னி பெசன்ட் அம்மையாரின் வலது கையாக இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல் என்ற இங்கிலீஷ்காரர். காசியில் மத்திய ஹிந்து கலாசாலையின் தலைவராக இருந்தவர். 1917-ல் ஹோம் ரூல் கிளர்ச்சிக்காகச் சர்க்கார் பெசன்ட் அம்மையாரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தபோது, கூட வைக்கப்பட்டவர்களில் இவரும் ஒருவர். இந்த அருண்டேலும் ருக்மிணியும் 1920-ல் விவாகம் செய்துகொண்டார்கள். அப்போது ருக்மிணிக்கு 16 வயது, அருண்டேலுக்கு 41.

சென்னை கொந்தளித்தது. பத்திரிகைகள் கண்டித்தன, வைதிகர்கள் சபித்தார்கள், சபைக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. பெசன்ட் அம்மையார் மட்டும் அசையாமல் தம்பதிகளின் பக்கம் நின்றார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும. இன்று இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் உறுத்துவது வயது வித்தியாசம்தான். உறுத்துவது நியாயமும் கூட. ஆனால் 1920-ல் ஊரை உறுத்தியது அதுவல்ல. பத்து வயதுக்குள் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பதும், இரண்டாந்தாரமாக நரைத்த தலைக்குக் கொடுப்பதும் அன்று சர்வ சாதாரணம். 1929-ல் வந்த சாரதா சட்டமே பெண்ணுக்கு 14 வயது பூர்த்தியானால் போதும் என்றுதான் சொல்லிற்று. ஊருக்குப் பொறுக்காமல் போனது இரண்டு விஷயங்கள்: மாப்பிள்ளை வெள்ளைக்காரர் என்பது ஒன்று; பெண் தானே சம்மதித்துச் செய்துகொண்டாள் என்பது மற்றொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய குற்றமாகப் பட்டிருக்கும்.

இதோடு கதை முடிந்திருந்தால், புரட்சிக் கல்யாணம் ஒன்று என்று நாலு பேர் நினைவில் வைத்துக்கொண்டிருப்பார்கள். ருக்மிணியும் கணவரோடு உலகம் சுற்றி, கூட்டங்களில் பேசி, கௌரவமாகக் காலம் கழித்திருக்கலாம். பல வருஷங்கள் அப்படித்தான் கழிந்தன. அந்தக் காலத்தில் அவர் நாட்டியம் ஆடவில்லை. ஆடப் போவதாக அவருக்கே தெரியாது.

புதிய காதல் அங்கேதான் காத்திருந்தது. 1928-ஆம் வருஷ வாக்கில் ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவா இந்தியாவுக்கு வந்தார். அவருடைய ஆட்டத்தைப் பம்பாயில் பார்த்த தம்பதிகள், ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் அவரோடு சேர்ந்து பிரயாணம் செய்ய நேர்ந்தது. பாவ்லோவா சலவைத் தொழிலாளி ஒருத்தியின் மகளாகப் பிறந்து, உலகத்தின் மேடைகளையெல்லாம் ஆண்டவர். அவருடைய ஏற்பாட்டில் ருக்மிணி பாலே நடனம் பயில ஆரம்பித்தார். பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டி சொல்லிக் கொடுத்தார். பிறகு பாவ்லோவாவே, உன் தேசத்துக் கலையைத் தேடிப் போ என்று திசை காட்டினார்.

தேசத்துக் கலை எந்த நிலையில் இருந்தது? அதை நினைத்தால்தான் இந்தத் தைரியத்தின் எடை தெரியும். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஆடிவந்த தேவதாசிகளை ஊர் ஒதுக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் அந்தக் குலத்தில் பிறந்தவர். ஆகையால் அந்த வேதனையை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1930-ல் அவர் தொடங்கிய ஔவை இல்லம் இன்றும் அடையாற்றில்தான் இருக்கிறது. மறுபக்கத்தில் வக்கீல் இ. கிருஷ்ணய்யர், வழக்கம் போனால் போகட்டும், கலை போகக்கூடாது என்று வாதாடினார். பெண் வேஷம் போட்டுத் தாமே ஆடியும் காட்டினார். 1932-ல் இருவருக்கும் பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடந்தது. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் அந்த விவாதத்தின் சங்கடம்.

1933-ல் சென்னை மியூஸிக் அகாடமியில் சதிர்க் கச்சேரி ஒன்றை ருக்மிணி பார்த்தார். ஆடியவர்கள் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவிகள். பிறகு அவருக்கு வேறு நினைவில்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய மரபைச் சேர்ந்த கௌரி அம்மாளிடம் பாடம் கேட்டார். தஞ்சை நால்வர் வழியில் வந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய் நின்றார். பெரியவர் லேசில் இசையவில்லை. ஏழு வயதில் ஆரம்பிக்க வேண்டிய வித்தையை முப்பது வயதுக் குடும்ப ஸ்திரீ கேட்டால் எந்த வாத்தியார்தான் யோசிக்க மாட்டார்? கடைசியில் ஒப்புக்கொண்டார். அரைமண்டியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் முப்பது வயது முழங்கால் என்ன சொல்லும் என்பது தெரியும்.

1935 டிசம்பரில் பிரம்ம ஞான சபையின் வைர விழா. அருண்டேல் அப்போது சபையின் தலைவர். தலைவரின் மனைவி, பிராம்மண குலத்தில் பிறந்தவர், 31 வயதில், தேவதாசிகளின் ஆட்டத்தை எல்லோருக்கும் முன்னால் ஆடுவதா? சபையிலேயே பலருக்கு அது சம்மதமில்லை. ஆனால் ருக்மிணி ஆடினார். குற்றம் சொல்ல வந்தவர்களில் பலர் வாயடைத்துத் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், அடையாற்றில் ஒரு மரத்தடியில் பள்ளி ஆரம்பமாயிற்று. மாணவி ஒரே ஒருத்தி. அண்ணன் மகள் ராதா. அந்தப் பள்ளிதான் கலாக்ஷேத்திரம்.

இப்போது வாசகர்களின் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? 1920-லிருந்து வந்தது என்பதுதான் என் பதில். ஊர் வாயில் ஒரு தடவை விழுந்து எழுந்தவளுக்கு, ஊர் வாய் எவ்வளவு ஆழம் என்பது தெரிந்துவிடுகிறது. அது கழுத்தளவுதான். காதலுக்காக வாங்கிய அடி கலைக்குக் கவசமாயிற்று. அந்தக் காதலும் வீண் போகவில்லை; மனைவி மேடையேறுவதால் தம் தலைமைக்கு இழுக்கு வருமோ என்று அருண்டேல் கணக்குப் பார்க்கவில்லை. 1945 ஆகஸ்டில் அவர் காலமாகும் வரையில் பக்கபலமாக இருந்தார்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் பாதிக் கதைதான் சொன்னதாகும். ஊரை எதிர்த்துக் காதலித்த அதே பெண், ஆட்டத்தில் இருந்த காதலைக் கொஞ்சம் அடக்கி வைத்தார். பழைய சதிரில் சிருங்காரம்தான் உயிர். நாயகனுக்காக ஏங்குவதும் ஊடுவதும் கோபிப்பதும் அதில் ஒளிவுமறைவில்லாமல் வரும். ருக்மிணி தேவி பக்தியை முன்னே நிறுத்தினார். உடையை மாற்றினார்; மேடையில் நடராஜரை வைத்தார்; ஆடுகிறவளின் பின்னால் நின்றுகொண்டிருந்த பாட்டுக்காரர்களைப் பக்கவாட்டில் உட்கார வைத்தார். தேவதாசி மரபில் பிறந்த பாலசரஸ்வதிக்கு இதில் உடன்பாடு இல்லை. சிருங்காரத்தில் அசுத்தம் எதுவும் இல்லை, அதைச் சுத்தம் செய்ய யாரும் வர வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். 1975-ல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசியபோதும் சிருங்காரத்தின் மேன்மையையே எடுத்துச் சொன்னார்.

காதலுக்குத் தாம் கொடுத்த விலையை அறிந்த ருக்மிணி தேவி, மேடையில் மட்டும் ஏன் இப்படிச் செய்தார்? என் யூகம் இதுதான். தாம் ஒருத்தி துணிவது வேறு, ஆயிரம் அம்மாக்களைத் துணிய வைப்பது வேறு. தனக்கென்று துணிகிறவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பிறர் பெண்களை அழைக்கிறவளுக்கு உண்டு. கௌரவத்துக்குப் பங்கம் வராது என்று அந்த அம்மாக்களுக்கு உறுதி சொல்ல வேண்டியிருந்தது. அந்த உறுதிக்கு விலையாகப் போனது சிருங்காரம். அதை நஷ்டம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மறுக்க மாட்டேன். குரோம்பேட்டை மாடிகளில் கேட்கிற ஜதியில் அந்த லாபமும் இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது.

கனவுக்குச் சோறும் நிலமும் வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. 1937-லேயே நாட்டியப் பள்ளியோடு நெசவுக்கூடமும் சேர்ந்துகொண்டது. சபையின் தோட்டத்தை விட்டு நீங்க வேண்டி வந்தபோது இன்னும் தெற்கே, திருவான்மியூர் மணலில், ஏறக்குறைய நூறு ஏக்கரில் கலாக்ஷேத்திரத்தைப் புதிதாக எழுப்பினார். 1962-ல் பள்ளி அங்கே குடிபோயிற்று. நாலு வருஷம் கழித்து, 1966-ல், ஓவியர் கே. ஸி. எஸ். பணிக்கர் தம் சகாக்களோடு அதே கடற்கரையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். அவர்கள் பாத்திக் துணி செய்து விற்றுப் பணம் சேர்த்து நிலம் வாங்கியவர்கள். பகலில் துணிக்குச் சாயம், மிச்ச நேரத்தில் சித்திரம். தைரியம் என்பதில் பெரும்பகுதி இந்த மாதிரி வேலைதான் என்று தோன்றுகிறது.

1977-ல் ராஷ்டிரபதி பதவிக்கு நிற்கும்படி பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டபோது ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரியில் காலமானார். அவருடைய துணிவுக்குத் தேதிகள் இருக்கின்றன, பட்டங்கள் இருக்கின்றன.

மயிலாப்பூர் கௌரி அம்மாளின் துணிவு வேறு மாதிரி. சந்நிதியில் ஆடிய பெண்ணுக்கு ஊர் கதவைச் சாத்தியது. 1947-ல் சட்டமும் அந்த மரபுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவர் மட்டும் தம் பதங்களை மறக்கவில்லை. பாலசரஸ்வதிக்கு அபிநயம் சொல்லிக் கொடுத்தவர் அவர். ருக்மிணி தேவிக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர். கருத்து வேற்றுமை கொண்ட இரு சிஷ்யைகளுக்கும் கை காட்டிய கண்கள் அவருடையவை. தம்மை ஒதுக்கிய ஊரின் பெண்களுக்கு, அடையாற்றுக்குத் தெற்கே வந்து உட்கார்ந்து, கலாக்ஷேத்திரத்தில் அவர் அபிநயம் கற்றுக் கொடுத்தார். கேட்க வந்தவர்கள் எந்தக் குலம் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை.