இரண்டு பேர்ச் நிலம்: கொழும்பு மாநகர சபையும் ஏழைகளின் வீடும்

கொழும்பு முஸ்லிம்களின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பள்ளிவாசல்களை எழுதுகிறார்கள், வணிகக் குடும்பங்களை எழுதுகிறார்கள், கல்லூரிகளை எழுதுகிறார்கள். துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் பகல் முழுக்க மூட்டை தூக்கிய மனிதர்கள் இரவில் எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள், அந்த வீடு யாருக்குச் சொந்தம், அதைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவை அதிகம் எழுதப்படவில்லை. குறைந்த வருமானக்காரருக்கு வீடு கிடைக்கச் செய்ய கொழும்பில் எடுக்கப்பட்ட முயற்சிகளை, அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு பின்தொடர்வதே என் நோக்கம்.

தோட்டமும் முடுக்கும்

தமிழ் படிப்பிப்பவன் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பில் 'தோட்டம்' என்றால் மரஞ்செடி வளரும் இடமில்லை. பொதுக் குழாயும் பொது மலசலகூடமும் நடுவில் இருக்க, சுற்றிவர ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நிற்கும் காணிக்குத்தான் அந்தப் பெயர். சிங்களத்தில் 'வத்த' என்பதும் இதையே. ஒரு காலத்தில் பெரிய வளவுகளாக இருந்தவை துண்டாடப்பட்டு வாடகைக் குடியிருப்புகளானபோது பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒடுங்கிய சந்தைக் குறிக்கும் 'முடுக்கு' என்ற நம்முடைய சொல் சிங்களத்திலும் வழங்குகிறது. வீடமைப்பு ஆய்வுகளிலும் பழைய வாடகைச் சேரிகளைக் குறிக்கும் பெயராக ஏறிவிட்டது. ரயில் பாதை ஓரத்திலும் கால்வாய்க் கரையிலும் அரச காணியில் போட்ட பலகை வீடுகளுக்கு 'பல்பத்' என்று வேறு பெயர்.

இந்த வேறுபாடு முக்கியமானது. தோட்டத்துக்காரர் வாடகை கட்டி இருந்தவர். பல்பத்காரர் அனுமதியின்றிக் குடியேறியவர். பின்னாளில் இரண்டு பேரையும் ஒரே தராசில் போட்டு 'குடிசைவாசிகள்' என்று சொல்லிவிட்டார்கள். என் மாணவர்களை முகவரி எழுதச் சொன்னால் வீட்டிலக்கத்தில் சரிவுக்கோடு போட்டு அதன்பின் மூன்று எண் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே வரிமதிப்பு இலக்கத்துக்குள் அத்தனை வீடுகள் பிரிந்து நிற்பதை அந்தக் கோடு சொல்கிறது.

1915இன் மற்றொரு சட்டம்

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவானது. சிறிய நகரங்களுக்கு 1876இல் 'லோக்கல் போர்ட்' எனப்பட்ட உள்ளூர்ச் சபைகள் வந்தன. அவற்றின் முழுப்பெயரே சுகாதார, அபிவிருத்திச் சபை என்பதுதான். ஏழையின் வீடு அன்றைய ஆட்சியாளரின் கண்ணில் முதலில் ஒரு நோய்க் காரணமாகத்தான் பட்டது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

1875இல் துறைமுக அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைக்கப்பட்டது. அதன்பின் நகரம் வீங்கத் தொடங்கியது. 1901இல் ஒன்றரை இலட்சத்துச் சொச்சமாக இருந்த கொழும்பின் சனத்தொகை 1921இல் ஏறத்தாழ 244,000. வந்தவர்களுக்குச் சபை வீடு கட்டவில்லை. காணிச் சொந்தக்காரர்கள் வளவுக்குள் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். 1873இல் இலங்கை ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்டபின் கொம்பனித்தெருவின் மலாய்க் குடும்பங்களும் இந்த நெரிசலுக்குள்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது.

1914இல் கொழும்பில் பிளேக் நோய் தோன்றியது. அடுத்த வருடம் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1915 என்றால் நமக்கு நினைவில் வருவது கலவரம். அது நியாயமே. ஆனால் அதே வருடத்தில் வந்த இந்தச் சட்டமும் நமது குடியிருப்புகளை நீண்டகாலம் ஆண்டிருக்கிறது. வரைபட அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது. மனிதர் வசிக்கத் தகாத வீட்டை நீதிமன்றத்தின் மூலம் மூடுவிக்கலாம். மேம்பாட்டுத் திட்டங்களுக்குக் காணி எடுக்கலாம். இவை உள்ளூர்ச் சபைகளின் கையில் வந்த அதிகாரங்கள்.

நோக்கம் நல்லதுதான். காற்றும் வெளிச்சமும் வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால், தரத்தைச் சட்டத்தில் எழுதுவது லேசு. அந்தத் தரத்தில் ஏழை தாங்கக்கூடிய வாடகைக்கு வீடு கட்டுவதற்குக் காசு வேண்டும். காசில்லாத இடத்தில் தரம் மட்டும் உயர்ந்தால் நடப்பது ஒன்றுதான். இருக்கிற வீடு சட்டவிரோதமாகிவிடும். புது வீடும் வராது.

இதை அன்றே உணர்ந்த ஒருவர் கொழும்புக்கு வந்தார். ஸ்கொட்லாந்துக்காரரான பெட்ரிக் கெடஸ் 1921இல் நகரின் திட்ட அறிக்கையை எழுதினார். அதற்கு முன் சென்னை மாகாண நகரங்களுக்கு 1915இல் எழுதிய அறிக்கையில், நெருக்கமான தெருக்களை ஒட்டுமொத்தமாக இடிக்காமல், மிக மோசமான சில கட்டடங்களை மட்டும் நீக்கி இடம் உண்டாக்கலாம் என்று தஞ்சாவூரை வைத்தே காட்டியவர் அவர். கொழும்பில் அவருடைய பெயர் 'தோட்ட நகரம்' என்ற கனவோடு நிலைத்தது. முடுக்குகளை மெல்லத் திருத்தும் அந்த யோசனைக்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

கை மாறிய அதிகாரம்

யுத்தகாலத்தில், 1942இல், வாடகைக் கட்டுப்பாடு வந்தது. வாடகைக்காரரை எழுப்ப ஏலாமல் போனது. திருத்த வேலை செய்ய வீட்டுக்காரருக்கும் மனமில்லாமல் போனது. 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டம். இதோடு வீடமைப்பு என்பது மெல்ல மாநகர மண்டபத்திலிருந்து அமைச்சுக்கு நகரத் தொடங்கியது.

1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதனங்கள் உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் பீட்டர் கெனமன், கொழும்பு மத்தியின் பிரதிநிதி. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகள், தங்கியிருக்கும் பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டிய எண்ணிக்கை மட்டுமே. மிகுதி வீடுகளை அவற்றில் இருந்த வாடகைக்காரர் வாங்கலாம். இந்தச் சட்டம் நமது சமூகத்தை இரு பக்கமும் தொட்டது. வாடகை வீடுகளில் முதலிட்டிருந்த தனவந்தரும் நம்மவரே. அந்த வரிசைகளில் குடியிருந்தவரும் நம்மவரே. இழந்தவர்களின் மனத்தாங்கலைத்தான் அதிகம் கேட்டிருக்கிறோம். வாடகைச் சிட்டை உறுதியாக மாறிய வீடுகளின் கதையும் எழுதப்பட வேண்டியதுதான்.

1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை, 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை. இரண்டுமே மத்திய அரசின் நிறுவனங்கள். இவற்றின் காலத்தில் வீடமைப்பை முன்னின்று நடத்திய ஆர். பிரேமதாச, வாழைத்தோட்டத்தில் வளர்ந்து 1950இல் மாநகர சபைக்குத் தெரிவாகி, 1955இல் பிரதி மேயரானவர். முடுக்கு அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமல்ல.

இரண்டு பேர்ச்

1978இல் தொடங்கிய நூறாயிரம் வீட்டுத் திட்டத்தில் அரசே கட்டியது. செலவு தாங்கவில்லை. இதே காலத்தில் மாநகர சபை, யுனிசெப் உதவியோடு தோட்டங்களில் வேறொன்றைச் செய்தது. பொதுக் குழாய், மலசலகூடம், சுகாதாரப் பணிக்கு இளைஞர்கள், தோட்டத்துக்குத் தோட்டம் சமூக அபிவிருத்தி மன்றம். எங்கே குழாய் வேண்டும், கான் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று குடியிருப்பவரே கூடிப் பேசினார்கள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் 'இந்த இடம் இடிபடாது' என்று சபையே ஒப்புக்கொண்டதற்கு அந்தக் குழாய்தான் அடையாளம்.

1984இல் வந்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் இதே பாதையில் போனது. அரசு காணியையும் சிறு கடனையும் கொடுத்தது. வீட்டை மக்கள் கட்டினார்கள். நகரச் சட்டப்படி ஒரு காணித்துண்டு குறைந்தது 6 பேர்ச் இருக்க வேண்டும். ஏழைக் குடியிருப்புகளுக்காக அது விசேடமாகத் தளர்த்தப்பட்டு 2 பேர்ச்சாக்கப்பட்டது. ஏறத்தாழ 544 சதுர அடி. 1915இல் தொடங்கிய வழக்கம் இங்கே திரும்பியது. சட்டத்துக்கு ஏற்ப ஏழையை அகற்றாமல், ஏழை இருக்கும் நிலைக்கு ஏற்பச் சட்டத்தை வளைத்தார்கள். 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதற்கும் முன்மொழிவு இலங்கையுடையதே.

இரண்டு பேர்ச்சில் என்ன செய்யலாம்? மேலே எழுப்பலாம். முதலில் கீழே ஒரு அறையும் குசினியும். பிறகு பலகை அட்டாளி. பிள்ளை வெளிநாடு போய்க் காசனுப்பினால் கொங்கிறீட் தட்டு. மகளைக் கட்டிக்கொடுத்தால் மருமகன் வந்திருக்க இடம் வேண்டும் என்பது நம்மிடையே உள்ள வழக்கம். அந்த இடம் மேலேதான் முளைத்தது. முன்பக்கம் அப்பம் சுட்டு விற்க ஒரு யன்னல், தையல் மெசினுக்கு ஒரு மூலை. குடும்பத்தோடு சேர்ந்து வீடும் வளர்ந்தது.

மாடிக்குப் போனவர்கள்

பின்னர் காற்று மாறியது. 2001இல் வனாத்தமுல்லையில் 14 மாடிகளோடு சஹஸ்புர எழுந்தது. குடிசைக் காணியை மீட்டு விற்று, அந்தக் காசில் மக்களை மாடியில் ஏற்றுவது என்பது அதன் கணக்கு. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வருடம் மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் படையினரின் துணையோடு இடிக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர்களில் உறுதி வைத்திருந்தவர்களும் உண்டு. தராசு ஒன்றுதான் என்று முன்பு சொன்னேனே, அதன் விளைவு இதுதான். சபைக்கு வரி கட்டி, உறுதியும் வைத்திருந்தவர் பல்பத்காரரோடு ஒன்றாக எண்ணப்பட்டார்.

அதிகார சபையின் அன்றைய கணக்கின்படி 68,812 குடும்பங்கள் இத்தகைய குடியிருப்புகளில் இருந்தன. அவை பிடித்திருந்தது ஏறத்தாழ 900 ஏக்கர். நகர நிலப்பரப்பில் 9 வீதம். நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த 9 வீதத்துக்குள்! ஏழைகள் பெறுமதியான காணியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரமாக இந்தக் கணக்கு சொல்லப்பட்டது. நான் அதைக் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 160 பேர்ச். 900 ஏக்கர் 144,000 பேர்ச். 68,812ஆல் பிரித்தால் குடும்பத்துக்கு 2 பேர்ச்சும் கொஞ்சமும். சந்தும் கானும் சேர்த்தே இது. அதாவது 1984இல் அரசாங்கம் 'இதற்குக் குறைய ஏலாது' என்று தீர்மானித்த அதே அளவு. இவர்கள் எதையும் மிகையாகப் பிடித்து வைத்திருக்கவில்லை.

மாற்றாகக் கிடைத்த வீடுகள் பெரும்பாலும் 400 சதுர அடி அளவானவை. நல்ல கூரை, வீட்டுக்குள் குழாய், தனி மலசலகூடம். இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, புத்தகங்களைப் பரணில் வைத்து விடியும்வரை விழித்திருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஒரு மாணவியின் தாய் என்னிடம் கேட்டதற்கும் பதில் வேண்டும்: "வீடு நல்லந்தான் சேர். மூணு பொம்புளப் புள்ளயள். மேல ஒரு தட்டு எழுப்ப ஏலுமா? லிஃப்ட் நிண்டா மையத்தக் கூட எறக்க ஏலாது. யாருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

கடைசிக் கேள்விதான் என்னை நிறுத்தியது. குழாய் உடைந்தால் பழைய தோட்டத்துக்காரர் வட்டார மாநகர சபை உறுப்பினரின் வாசலில் போய் நிற்பார். திட்டினாலும் அந்த ஆள் அடுத்த தேர்தலில் இவருடைய முடுக்குக்குத்தான் வந்தாக வேண்டும். வீடமைப்பு சபையின் கையைவிட்டுப் போனபோது அந்த வாசலும் போய்விட்டது.

ஆகவே இனி நம் பகுதிகளில் வீட்டுத் திட்டம் ஒன்று பேசப்படும்போது, எத்தனை மாடி என்பதற்கு முன்னால் உறுதி யார் பெயரில் எப்போது வரும் என்று கேட்கவேண்டும். பராமரிப்புக்குப் பொறுப்பு யார், அதில் குடியிருப்பவருக்கும் சபைக்கும் என்ன பங்கு என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்பதற்குக் கையில் பத்திரம் இருக்க வேண்டும். வாடகைச் சிட்டை, வரிமதிப்புப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்புப் பிரதி, 1980களின் கடன் புத்தகம் ஆகிய எல்லாவற்றையும் பள்ளிவாசல் நிருவாகமோ ஜமாஅத்தோ தோட்டவாரியாகப் பிரதி எடுத்து வைத்தால், ஆராய்ச்சிக்கும் உதவும், நீதிமன்றத்துக்கும் உதவும். இந்த வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு போட்டோக்கொப்பி மெசினும், அந்தப் பகுதியில் உயர்தரம் படிக்கும் நாலு பிள்ளைகளும் போதும்.