அநேக ராகம்: பல இனக் கலைகள் ஒரே மேடையில் ஏறிய வரலாறு

1959ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர்ப் பூமலையில் ஒரு திறந்தவெளிக் கலை நிகழ்ச்சியை அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ தொடங்கி வைத்தார். மலாய் மொழியில் அதற்கு ‘அனேக்கா ராகாம் ரக்யாட்’ என்று பெயரிட்டிருந்தனர். மக்கள் பல்சுவைக் கலை நிகழ்ச்சி என்பது அதன் பொருள். தமிழ்ச் செவிக்கு அப்பெயர் முற்றிலும் புதியதன்று. ‘அநேகம்’, ‘ராகம்’ என்னும் வடசொற்கள் தமிழில் வழங்குவதைப் போலவே மலாயிலும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஆனால் மலாயில் ‘ராகாம்’ என்பது பண்ணை மட்டுமன்றி வகையையும் குறிக்கும். மூன்றாவது சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. தமிழகத்தில் உழுகுடிகளைச் சுட்டிய ‘ரயத்து’ என்னும் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். மேடையில் யாரும் ஏறுவதற்கு முன்பே பெயரிலேயே கலப்பு நிகழ்ந்துவிட்டது எனலாம்.

சுயாட்சி கிடைத்து இரண்டு மாதங்களே ஆகியிருந்த வேளை அது. புதிதாக அமைக்கப்பட்ட கலாசார அமைச்சு திரு எஸ். இராஜரத்தினத்தின் பொறுப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து சிரம்பானில் வளர்ந்த அவர், அரசியலுக்கு வருமுன் பத்திரிகையாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட மக்கள் ஒரு தேசமாக முடியுமா என்னும் வினாவை வைத்து அவர் எழுதிய வானொலி நாடகத் தொடர் 1957இல் ஒலிபரப்பாயிற்று. அவ்வினாவுக்கு மேடையில் விடை காணும் முயற்சியாகவே பூமலை நிகழ்ச்சி அமைந்தது. மலாய் நடனம், சீன இசை, இந்திய நடனம், மேனாட்டு இசை ஆகியவை ஒரே மாலையில், ஒரே கூட்டத்தின் முன் நிகழ்த்தப்பட வேண்டும் என்பதே திட்டம். பின்னர் நகர மண்டபப் படிக்கட்டுகளும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு மேடையாயின.

பல்சுவை என்பது இந்நிலப்பகுதிக்கு அமைச்சு கொண்டுவந்து கொடுத்த பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்ப் பார்சி நாடகக் குழுவினர் பினாங்குக்கு வந்தனர். அவர்களைப் பார்த்து மலாய் மக்கள் உருவாக்கிய ‘பங்சாவான்’ நாடகத்தில் ஆர்மோனியமும் தபலாவும் பிடிலும் ஒலித்தன. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே திரைக்கு முன்னால் பலவகைப் பாட்டும் ஆட்டமும் நடைபெற்றன. சிங்கப்பூரில் நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு ஆகிய கேளிக்கைப் பூங்காக்களில் பங்சாவானும் சீன நாடகமும் ரொங்கெங் ஆட்டமும் குத்துச்சண்டையும் அடுத்தடுத்த கொட்டகைகளில் நடந்தன. ஒரு கொட்டகை அலுத்தவர் அடுத்ததற்குள் நுழைவார். அங்குப் பல இனத்தாரும் கூடினர், ஆனால் அவர்களைக் கூட்டி வைக்க வேண்டும் என்பது எவருடைய நோக்கமாகவும் இருந்ததில்லை. நுழைவுச்சீட்டு விற்றால் போதும். அரசாங்க மேடைக்கு அதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது.

பூமலை நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், புதுப்பிக்கப்பட்ட விக்டோரியா அரங்கின் திறப்பு விழாக் கச்சேரியில் ஒரு பாடல் நிறைவு நிகழ்ச்சியாக அரங்கேறியது. நகராண்மைக் கழகத்தின் வேண்டுகோளுக்கிணங்க அதனை இயற்றி இசையமைத்தவர், சுமத்திராவின் மினாங்கபாவ் மண்ணிலிருந்து வந்து மலாய்த் திரைப்படங்களுக்கு இசை அமைத்து வந்த ஜுபிர் சாயிட். மேடையேற்றியது சிங்கப்பூர்ச் சேம்பர் இசைக்குழு. அக்குழுவை நிறுவி நடத்தியவர் பினாங்கில் பிறந்த பால் அபிஷேகநாதன். மலாய்ச் சொற்களும் மேனாட்டுப் பாணி இசையும் சேர்ந்த அப்பாடல்தான் ‘மஜுலா சிங்கப்பூரா’. 1959 டிசம்பர் 3ஆம் நாள் அது நாட்டின் பாடலாகவே அறிமுகம் கண்டது. ஒரு கச்சேரியின் கடைசி உருப்படி ஒரு நாட்டின் கீதமானது உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று.

இத்தகைய கூட்டு மேடையை அமைப்பது எவ்வளவு கடினம் என்பதைத் திருக்கோயில் விழாக்களில் கலை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பேற்றவர்கள் அறிவர். முதல் சிக்கல் சுருதி. கருநாடக இசையில் பாடுபவர் தம் குரலுக்கேற்ற கட்டையைத் தேர்ந்துகொள்வார். ஆடவர் ஒன்றரைக் கட்டையிலும் பெண்டிர் ஐந்து கட்டையிலும் பாடுவது இயல்பு. பக்கவாத்தியங்கள் அதற்கு இணங்கும். மேனாட்டு இசைக்குழுவோ எல்லாருக்கும் பொதுவான ஒரே நிலைச் சுருதியில் நிற்கும். நாகசுரம் செய்தபோது அமைந்த சுருதியை மேடையில் மாற்ற இயலாது. காமலான் இசையின் நிலை இன்னும் வியப்பானது. அதன் வெண்கலக் கருவிகள் தம் தொகுதிக்குள்தான் ஒத்திசையும். ஓரூர்த் தொகுதியின் கருவியை மற்றோர் ஊர்த் தொகுதியோடு சேர்த்தால் பெரும்பாலும் இசையாது. இவை அனைத்தையும் ஒன்றாக ஒலிக்கச் செய்ய வேண்டுமானால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். யார் விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஒத்திகைகள் நீண்டுபோகும்.

தாளத்தில் ஓரளவு வழியுண்டு. எட்டு அட்சர ஆதி தாளத்தோடு மேனாட்டாரின் நான்கடித் தாளம் ஒத்துப்போகும். ஏழு எண்ணும் மிசிர சாபு வந்தால் பழக்கமில்லாத கைகள் தடுமாறும். கமகம் என்பது நம்மவர்க்கு இராகத்தின் உயிர். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் மேனாட்டு முறையின் மேல் அக்கமகத்தை வைத்தால் இரண்டில் ஒன்று மங்கிவிடும். அவர்கள் குறியீட்டுத் தாளைப் பார்த்து வாசிப்பார்கள், நம்மவர் குருவின் வாய்மொழியை நினைவில் வைத்து வாசிப்பார்கள். “இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்” என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்குப் பக்கமே கிடையாது.

தரையும் ஒரு செய்திதான். பரதநாட்டியக் கலைஞர் வெறுங்காலுடன் ஆடுபவர். முந்தைய நிகழ்ச்சியின் காட்சியமைப்பில் நின்றுவிட்ட ஓர் ஆணி போதும், அவர் பாதம் புண்ணாகிவிடும். சிங்க நடனத்தின் முரசொலி அடங்கிய உடனே வீணையைத் தொடங்கினால் முதல் ஐந்து நிமிடம் கேட்பார் செவியில் ஏறாது. ஆகவே நிகழ்ச்சி நிரலை எழுதுவோர் இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுத முடியாது. ஒலியின் அளவையும் பார்க்க வேண்டும்.

இந்தத் தொல்லைகளையெல்லாம் தவிர்க்கும் எளிய வழி, கலைகளைக் கலக்காமல் வரிசைப்படுத்துவது. ஒவ்வோர் இனத்திற்கும் பத்து நிமிடம். அரசாங்க மேடைகள் பெரும்பாலும் இவ்வழியிலேயே சென்றன. இதனால் விளைந்த நன்மை பெரிது. தமிழர் பகுதிக்குச் செல்லாத சீனரும், சீன நாடகக் கொட்டகைக்குள் நுழையாத தமிழரும் ஒரே புல்வெளியில் அமர்ந்து ஒருவர் கலையை ஒருவர் பார்த்தனர். ஆயினும் கலைக்கு ஒரு விலையும் இருந்தது. முப்பது, நாற்பது நிமிடம் விரியும் பதவருணம் பத்து நிமிடத்திற்குள் அடங்காது. மொழி அறிந்தால்தான் சுவைக்கும் பதமும் சாவளியும் அம்மேடைக்குப் பொருந்தா. எஞ்சுவது விறுவிறுப்பான தில்லானா. அபிநயத்தைக் காணாமலே பரதம் என்றால் வேகமான அடவு என்று பலர் எண்ணிக்கொண்டதற்கு இத்தகைய நிகழ்ச்சி நிரல்களும் ஒரு காரணம்.

வரிசையாக நிற்பதைத் தாண்டிச் சென்றவர்களும் இருந்தனர். அதுவும் அமைச்சு தோன்றுமுன்பே. நடனக் கலைஞர் திரு கே. பி. பாஸ்கர் 1952இல் சிங்கப்பூரில் கலைப்பள்ளி நிறுவினார். திருமதி சாந்தா பாஸ்கர் 1955இல் இங்கு வந்தார். 1958ஆம் ஆண்டில், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், லியாங் ஷான்போ – சூ யிங்தாய் என்னும் சீனக் காதலர் கதையை அவர் பரதநாட்டிய மொழியில் நாட்டிய நாடகமாக அமைத்தார். கல்வி கற்பதற்காக ஆண் வேடம் பூண்ட பெண்ணொருத்தி, அவள் பெண் என்றறியாமல் நட்புக் கொண்ட மாணவன், சேர முடியாமல் மாண்டு வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்த இருவர் என்று செல்லும் கதை அது. அம்பிகாபதி – அமராவதி கதையைக் கேட்டுக் கலங்கிய தமிழ்ச் செவிக்கு இதில் விளங்காதது என்ன இருக்கிறது? பத்து நிமிடப் பங்கீட்டை இங்கு யாரும் கேட்கவில்லை. ஒரு கலை மற்றோர் இனத்தாரின் கதையைத் தன் இலக்கணத்தை விடாமலே ஏற்றுக்கொண்டது. திருமதி சாந்தா பாஸ்கருக்கு 1990இல் கலாசாரப் பதக்கம் அளிக்கப்பட்டது. 2022இல் மறையும்வரை அவர் சிங்கப்பூர் நடனத்துறையில் தொண்டாற்றினார்.

பல்சுவை மேடைக்கு நிலையான இல்லம் ஒன்று வேண்டும் என்ற விருப்பம் 1963இல் நிறைவேறியது. ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில், தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு அண்மையில், தேசியக் கலையரங்கம் எழுந்தது. செங்கல் ஒன்றுக்கு ஒரு வெள்ளி என்று பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. திருப்பணிக்கு நிதி திரட்டும் முறையை நன்கறிந்த நம்மவர்க்கு இது பழக்கமான வழியே. 2.2 மில்லியன் வெள்ளியில் கட்டப்பட்ட அரங்கில் 3,420 இருக்கைகள் இருந்தன. முகப்பின் ஐந்து கூர்முனைகள் கொடியின் ஐந்து நட்சத்திரங்களையும், முன்னிருந்த நீரூற்று பிறையையும் குறித்தன. பக்கச்சுவர்கள் இல்லாத அரங்கு அது. காற்றும் சாலை இரைச்சலும் தடையின்றி உள்ளே வரும். ஆகஸ்டு 8ஆம் நாள் திறக்கப்பட்டபோது அங்கு நடந்த தென்கிழக்காசியக் கலாசார விழாவில் 11 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,500 கலைஞர்கள் பங்கேற்றனர்.

ஓராண்டு கூட நிறையவில்லை. 1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் இனக்கலவரம் மூண்டு 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் வெடித்த கலவரத்தில் மேலும் 13 பேர் உயிரிழந்தனர். பூமலைப் புல்வெளியில் ஒன்றாக அமர்ந்து கைதட்டியவர்களின் ஊரில்தான் இதுவும் நடந்தது. கலை நிகழ்ச்சிகள் கலவரத்தைத் தடுக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஐந்தாண்டுக் கைதட்டலிடம் அவ்வளவு எதிர்பார்த்ததும் மிகையே. ஆயினும் மேடை கைவிடப்படவில்லை. 1970இல் தேசிய நடனக் குழு உருவானது. 1985இல் மக்கள் கழகத்தின் கீழ் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு அமைந்தது. தனித்தனியே பக்கவாத்தியம் வாசித்துப் பழகியவர்கள், பலர் சேர்ந்து ஒரே குறிப்பைப் பார்த்து வாசிக்கக் கற்றது அங்குத்தான்.

கட்டடத்தின் ஆயுள் குறுகியது. அமைப்பு உறுதி குறைந்ததாகக் கண்டறியப்பட்டு 1984இல் அரங்கம் மூடப்பட்டது, 1986இல் இடிக்கப்பட்டது. மத்திய விரைவுச்சாலையின் சுரங்கப் பாதையும் அவ்வழியே வரவிருந்தது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் கிளமென்சோ அவென்யூ வழியாகத் தேங்க் ரோட்டை நெருங்கும்போது அந்தச் சரிவு கண்ணில் படும். ஐந்து கூர்முனைகள் நின்ற இடத்தில் இப்போது மரங்களும் புல்லும் இருக்கின்றன.