செவப்பு மருந்து: அடுத்தவங்க பிள்ளைக்குப் பட்ட காயத்தின் கதை

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எண்பதுகளில் பால்வாடிக்குப் போனவங்களுக்கு ஒரு நிறம் ஞாபகம் இருக்கும். முட்டியில் அப்பின செவப்பு. கீழே விழுந்து தோல் சிராய்ச்சுதுன்னா ஆயா ஒரு பாட்டிலைத் திறந்து, பஞ்சில் நனைச்சுத் தடவி விடுவாங்க. சாயங்காலம் கழனியிலிருந்து வர்ற அம்மா முட்டியைப் பார்ப்பாங்க, "எங்கடா வுழுந்த?"ன்னு கேட்பாங்க, அதோடு சரி. பிள்ளையைக் கவனிச்சாங்களான்னு கேட்க வேண்டியதில்லை. நிறமே பதில் சொல்லிடும்.

அந்தச் செவப்பு எங்கிருந்து வந்தது, அது போனதும் என்ன மாறிச்சு என்பதுதான் இந்தக் குறிப்பு.

பிள்ளை கை மாறியது

அதுக்கு முன்னாடி சின்னக் காயம் குடும்பத்துக்குள்ள முடியற விஷயம். பாட்டியோ பெரிய அக்காவோ பார்த்துப்பாங்க. மஞ்சத்தூள், காபித்தூள், சுண்ணாம்பு, கையில் கிடைச்சது போடுவாங்க. தப்பாப் போனாலும் திட்டு வீட்டுக்குள்ளேயே.

ஊர்ப் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'பால்வாடி' முறையை மகாராஷ்டிரக் கடற்கரையோரம் போர்டி கிராமத்தில் 1945இல் தாராபாய் மோடக் தொடங்கினார். அனுதாய் வாக் அவரோடு சேர்ந்து வளர்த்தார். 'பால்' என்றால் அங்கே குழந்தை. நாங்க அதைப் பால் ஊத்தற இடம்னுதான் நெனச்சோம். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 திட்டப் பகுதிகளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி என்ற பெயர் பரவியது அதனால்தான். தமிழ்நாட்டின் பெரிய திருப்பம் 1982 ஜூலை 1. எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்களில் 2 வயது முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மையங்கள் வந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள்.

அப்போ இந்த ஊர்களெல்லாம் தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். மல்லாட்டை விளையற பூமி இது. வேர்க்கடலை ரகங்களின் பேரில் வர்ற 'டி.எம்.வி.' என்ற எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. மல்லாட்டை பிடுங்கற காலத்தில் பொம்பளைங்க விடிகாலையே கழனிக்குப் போயிடுவாங்க. பிள்ளை பால்வாடியில் இருக்கும்.

இங்கேதான் புதுசா ஒரு நிலைமை உருவாச்சு. சொந்தப் பிள்ளை விழுந்தா அது 'வுழுந்துடுச்சு'. அடுத்தவங்க பிள்ளை விழுந்தா அது 'வுழ வுட்டுட்ட'. கேள்வி கேட்கப்படுறவங்க பல சமயம் அதே ஊரில் ஆதரவு இல்லாத ஒரு பொம்பளை, கேட்கிறவங்க ஊரில் செல்வாக்கானவங்களா இருக்கலாம். ஒரு சிராய்ப்பு வேலைக்கே உலை வைக்கும் என்ற பயம் ஆயாவுக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை.

பாட்டிலுக்குள் என்ன?

அந்தச் செவப்பு மருந்து மெர்குரோகுரோம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹியூ யங் குழுவினர் 1919இல் இதை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு சாயத்தோடு பாதரசம் சேர்ந்த பொருள். அதுக்கு முன்னாடி புழக்கத்தில் இருந்த டிங்சர் அயோடின் சாராயத்தில் கரைச்சது, பட்டா உயிர் போகும். மெர்குரோகுரோமைத் தண்ணியில் கரைக்கலாம், எரிச்சல் குறைவு. அதனால் பிள்ளைகளுக்கான மருந்தாகவே உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

ஆனா கிருமியைக் கொல்வதில் அது அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: காயம் சீழ் பிடிக்கத் தொடங்கினா சுத்தியுள்ள தோல் செவக்கும், மருந்தே செவப்பா இருந்தா அது எப்படித் தெரியும்? 1998இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாதுகாப்பானவை என்று பொதுவாக ஏற்கப்பட்ட மருந்துகளின் வரிசையில் இதைச் சேர்க்க முடியாது என்றது. பாதரசம்தான் முக்கியக் கவலை. இங்கேயும் மெல்ல மெல்ல பழுப்பு நிற போவிடோன் அயோடின் அதன் இடத்தைப் பிடிச்சுது.

"நம்ம பாட்டி வைத்தியமே மேல்"னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். கிணத்தடியில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிவோமே, அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதி. மல்லாட்டையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பூண்டு ஊருக்குப் புதுசு என்பதில் தப்பில்லை. மண்ணோடு பறிச்ச இலையைக் கழுவாம வைப்பதுதான் தப்பு. இரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழுது.

செவப்பு சொல்லாத காயம்

எனக்கு நாலு வயசு இருக்கும்போது பால்வாடித் திண்ணையிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடி. ரத்தம் வரலை, அதனால் செவப்பு மருந்தும் இல்லை. ஆயா தலையைத் தேய்ச்சு விட்டு, கையில் கொஞ்சம் பொட்டுக்கடலை வெச்சு, "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு"ன்னாங்க. ராத்திரி ரெண்டு தடவை வாந்தி. என்ன தின்னேன்னு கேட்டுக் கேட்டு, கடைசியில் அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாங்க. தலைக்குப் பட்ட அடிக்கு வயித்துக்கு வைத்தியம். நல்லவேளை, ஒண்ணும் ஆகலை.

அந்த ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அந்த வேலை போயிருந்தா அவங்களுக்கு வேற சோறு கிடையாது. ஆனா அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தா, வழக்கத்துக்கு மாறா தூங்கி வழிஞ்சா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதுக்கு அம்மாவுக்கு அடிபட்டதே தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

இன்றைக்கு

சின்னச் சிராய்ப்புக்கு இன்றைய மருத்துவம் முதலில் சொல்றது தண்ணியை. கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு, ஓடுற நல்ல தண்ணியில் காயத்தைக் கழுவி, சுத்தத் துணியால் அழுத்தி, மூடி வைக்கணும். சூடு பட்டா 20 நிமிஷம் ஓடுற சாதாரணத் தண்ணியில் காட்டணும். இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தா தலையை அண்ணாந்து வைக்காம, முன்னால் குனிய வெச்சு மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிஷம் பிடிக்கணும். நாய் பிறாண்டினது மட்டும் சின்னக் காயம் இல்லை: 15 நிமிஷம் சோப்புத் தண்ணியில் கழுவி, அன்னிக்கே தடுப்பூசி.

இதில் ஒரு சங்கடம் இருக்கு. தண்ணிக்கு நிறம் கிடையாது. சாயங்காலம் வர்ற அம்மாவுக்குத் தெரியறது வெறும் காயம்தான். "ஒண்ணுமே போடலையா?"ன்னு கேட்பாங்க. செவப்பு மருந்து முட்டிக்குச் செஞ்சதைவிட அம்மாவுக்கும் ஆயாவுக்கும் நடுவே செஞ்சதுதான் அதிகம்னு நான் நினைக்கிறேன். அந்த வேலையை இப்போ வாய்தான் செய்யணும்.

இங்கிலாந்தில் இதை விதியாகவே வெச்சிருக்காங்க. மழலையர் காப்பகத்தில் பிள்ளைக்கு அடிபட்டால் அன்னிக்கே, அல்லது முடிந்தவரை சீக்கிரமாக, பெற்றோருக்குத் தெரிவிக்கணும், என்ன முதலுதவி செய்தோம்னும் சொல்லணும், எழுதியும் வைக்கணும். நமக்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி, என்ன செஞ்சோம். நாலே வரி.

ஆனா நோட்டு எழுதறதுக்கு முன்னாடி, எழுதினதால வேலை போகாதுன்னு ஆயாவுக்கு நம்பிக்கை வரணும். அது நம்ம கையில் இருக்கு. "வுழுந்துடுச்சும்மா"ன்னு அவங்க சொல்லும்போது முதல் வார்த்தையா நாம என்ன சொல்றோம் என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த தடவை அவங்க சொல்வாங்களா மறைப்பாங்களான்னு முடிவாகும்.