வாக்கின் இறுக்கமும் வேகத்தின் எல்லையும்: லுவான்டி சேவையக நிரலை முன்வைத்து

நிரலின் வெளி நடத்தை மாறாதபடி உள்ளமைப்பை மட்டும் திருத்துவதே மறுசீரமைப்பு. வில்லியம் ஓப்டைக் 1992-இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு நிலைநிறுத்திய கருத்து இது. விளையாட்டுப் பொறியின் சேவையகத்துக்கு இதைப் பொருத்தும்போது ஒரு கேள்வி எழுகிறது: அங்கே வெளி நடத்தை என்பது எது? ஆட்டக்காரர் திரையில் காண்பது அதில் ஒரு பகுதிதான். அந்தப் பொறியை நம்பிப் பிறர் எழுதிவைத்த நிரல்கள் எவற்றையெல்லாம் எதிர்பார்க்கின்றனவோ அவையும் வெளி நடத்தைதான். சிறு கனசதுரங்களால் ஆன உலகை நடத்தும் வோக்சல் சேவையகத்தை எவ்வளவு தூரம் வேகப்படுத்தலாம் என்பது, அது மேலுள்ள நிரல்களுக்கு அளித்த வாக்கின் இறுக்கத்தைப் பொறுத்தது. அடியிலுள்ள நிரலின் நேர்த்தி அதற்கு அடுத்தபடியாகவே வரும். இதை நிறுவ லுவான்டியை எடுத்துக்கொள்கிறேன்.

பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அகோலா 2010-இல் தொடங்கிய இத்திறமூலப் பொறி, 2024 அக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் வழங்கியது. பொறி சி பிளஸ் பிளஸில் இருக்கிறது. ஆட்டங்களும் அவற்றை விரிக்கும் சேர்க்கைகளும் (மாட்) லுவா மொழியில் எழுதப்படுகின்றன. உலகம் 16×16×16 கணுக்கள் (உலகின் அடிப்படைச் சிறு கனசதுரங்கள்) கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. கணு ஒன்றுக்கு 4 பைட் வீதம், 4,096 கணுக்கள் கொண்ட கட்டம் நினைவகத்தில் 16 கிலோபைட் இடம் பிடிக்கிறது. தனிச் சேவையகத்தின் ஒரு படிக்கான இயல்பு இடைவெளி 0.09 நொடி. உயிரிகளின் நகர்வு, பயிர்களின் வளர்ச்சி, ஆட்டக்காரரின் செயல்களுக்கான விடை என எல்லாம் அந்த இடைவெளிக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால், தோண்டிய கல் சற்று நேரம் கழித்தே மறைவதை ஆட்டக்காரர் உணர்கிறார்.

ஏபிஎம் எனப்படும் பகுதியில்தான் இந்த வாதத்துக்கு வலுவான சான்று இருக்கிறது. மண்ணில் புல் படர்வது போன்ற மெதுவான மாற்றங்களை லுவா நிரலர் இதில் பதிவுசெய்வார்: எந்த வகைக் கணு, எத்தனை நொடிக்கு ஒருமுறை, எத்தனையில் ஒரு வாய்ப்பு. நேரடியாக எழுதினால், இயங்குநிலையிலுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் 4,096 கணுக்களையும் பார்த்தாக வேண்டும். லுவான்டியோ ஒரு கட்டத்தை முழுதாகப் பார்த்தபின், அதில் எந்தெந்த வகைக் கணுக்கள் உள்ளன என்ற சிறு பட்டியலைக் கட்டத்திடமே விட்டுவைக்கிறது. அடுத்த சுற்றில் அந்த வகைகளில் எதற்கும் ஏபிஎம் இல்லையென்றால் கட்டம் முழுவதையும் தாண்டிவிடலாம். வகைகளின் எண்ணிக்கை 64-ஐத் தாண்டினால் பட்டியல் கைவிடப்படும்.

ஒரு கணு மாறினாலும் அந்தப் பட்டியல் செல்லாது. ஆகவே, கட்டத்தின் தரவைத் தொடும் வழிகள் நிரலெங்கும் சிதறிக் கிடந்தால் இந்த உத்தியை நம்ப முடியாது. ஒரு வழி விடுபட்டாலும் புல் வளராமல் நின்றுவிடும், காரணமும் எளிதில் புலப்படாது. மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்து வை என்று டேவிட் பார்னாஸ் 1972-இல் வாதிட்டதன் பயன் இங்கே கண்கூடு. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கோப்புகளைப் பிரித்து, சூழல், இயங்கு பொருள்கள், ஆட்டக்காரர் எனப் பொறுப்புகளை ஒதுக்கிய வேலையைப் பலரும் அழகுபடுத்தலாகவே கருதுகிறார்கள். உண்மையில் வேகத்துக்கான முன்நிபந்தனை அதுதான்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. ஏபிஎம் வேலைக்கு ஒரு நேர வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது. இயல்பில் அது ஒரு ஏபிஎம் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலுள்ள நேரத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அது தீர்ந்தால் மீதிக் கட்டங்கள் அந்தச் சுற்றில் விடுபடும். ஒரே கட்டம் எப்போதும் விடுபடாமலிருக்க, கட்டங்களின் வரிசை கலைத்துப் போடப்படுகிறது. கறாராகப் பார்த்தால் இது நடத்தை மாற்றம். ஆயினும் சேர்க்கைகள் குலையவில்லை. ஏபிஎம் முதலிலிருந்தே வாய்ப்பு என்ற சொல்லில்தான் வாக்களித்திருந்தது. தளர்வான அந்த வாக்குதான் இந்த மாற்றத்துக்கு இடம் தந்தது.

எதிர்வாதம் ஒன்று அடிக்கடி எழும்: இன்றைய செயலிகளில் கருக்கள் பல இருக்க, லுவா ஏன் ஒரே இழையில், சூழலின் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும்? பூட்டைச் சிறு பூட்டுகளாக உடைத்தால் என்ன? இது பொறியியல் குறையைச் சுட்டுவதுபோலத் தோன்றினாலும் தடை வேறிடத்தில் இருக்கிறது. கணுவை மாற்றும் அழைப்பு உடனே நிறைவேறும், அடுத்த வரியிலேயே புதிய கணு தெரியும் என்பது லுவா நிரலருக்கு அளித்த வாக்கு. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே வேறோர் இழை உலகை மாற்றாது என்பதும் அதிலேயே அடங்கும். பூட்டை எத்தனை துண்டாக்கினாலும் இந்த வாக்கு துண்டாகாது.

ஆனால் கணுவைப் படிக்கும் அழைப்பில் ஒரு தளர்வு உண்டு. கட்டம் நினைவகத்தில் இல்லாவிட்டால் அது வட்டிலிருந்து ஏற்றப்படும்வரை காத்திராமல், 'இக்னோர்' என்ற விடையைத் தந்துவிடும். கட்டங்களை ஏற்றுவதும் நிலத்தைப் புதிதாக உருவாக்குவதும் தனி இழைக்குப் போக முடிந்தது இதனால்தான். இப்பொறியின் வடிவமைப்பிலேயே மிகச் சிறந்த முடிவு என இதைச் சொல்வேன்.

லுவாவையே பல இழைகளுக்குக் கொண்டுபோக வழி பிறந்ததும் இப்படித்தான். 2022-இல் வந்த 5.6 பதிப்பின் ஒத்திசையாச் சூழலில் லுவா வேறு இழையில் ஓடும். உலக வரைபடத்தைத் தொட அதற்கு அனுமதி இல்லை. 2024-இல் வந்த 5.9 பதிப்பில் நில உருவாக்க இழைக்குள்ளேயே லுவா ஓடலாம். ஆனால் உருவாகிக்கொண்டிருக்கும் நிலத்துண்டு மட்டுமே அதன் கைக்கு வரும். பழைய வாக்கை எவரும் மீறவில்லை. குறுகிய புதிய வாக்கு ஒன்று பக்கத்தில் வைக்கப்பட்டது.

ஆவணத்தில் எழுதாத வாக்குகள்தான் பெரிய சிக்கல். ஓர் ஆரத்துக்குள் உள்ள பொருள்களைக் கேட்டால் பட்டியல் வரும். அதன் வரிசைக்கு உறுதி எதுவும் இல்லை. எனவே எல்லாப் பொருள்களையும் ஒவ்வொன்றாகத் துழாவும் பழைய முறைக்குப் பதில், இடத்தை வைத்து விரைவாகத் தேட உதவும் கே-டி மரத்தை வைக்கலாம். பழைய வரிசையையே நம்பி எழுதிய சேர்க்கை எங்காவது இருந்தால் அது அன்றே தடுமாறும். பொறியோடு வரும் டெவ்டெஸ்ட் ஆட்டத்தில் லுவா சோதனைகள் இருக்கின்றன. அவை வாக்களித்ததைச் சோதிக்கின்றன. வாக்களிக்காததை எவரும் நம்பிவிடாதபடி காப்பதும் பொறியின் வேலையே. கோ மொழியில், மேப் ஒன்றின் உறுப்புகளைச் சுற்றிவரும் வரிசை வேண்டுமென்றே நிலையற்றதாக வைக்கப்பட்டுள்ளது. லுவான்டியின் சோதனைக் கட்டமைப்பிலும் பொருள் பட்டியலை ஒவ்வொரு முறையும் கலைத்துத் தரச் செய்யலாம். சேர்க்கையை எழுதுகிறவர் தன் கணினியிலேயே அந்தப் பிழையைச் சந்திப்பார். அடுத்த தரவுக் கட்டமைப்பைப் பொருத்துகிறவரும் பழைய வரிசைக்குக் கட்டுப்பட வேண்டியிராது.